ஷோகட்சு: ஜப்பானியப் புத்தாண்டில் எங்கே சறுக்கும்?

நான்கு ஊர்க்காரர்கள் சொல்வது இது.

யோகோஹாமாவிலிருந்து:

1873 முதல் ஜப்பானில் ஜனவரி 1தான் புத்தாண்டு. ஆனால் வேலையெல்லாம் டிசம்பரில். வீட்டை ஒட்டடை அடித்துத் துடைத்து முடித்த பிறகுதான் வாசலில் வைக்கோல் கயிற்று ஷிமெகசாரியும், பைனும் மூங்கிலும் சேர்ந்த கதோமட்சுவும் வைப்பார்கள். 28-ஆம் தேதிக்குள் வைத்துவிடுவது நல்லது. 29 ஆகாத நாள். 31-இல் வைத்தால் ஒரே இரவு அலங்காரம், புத்தாண்டில் வீட்டுக்கு வருகிற தெய்வத்துக்கு மரியாதைக் குறைவு என்பார்கள். தவறவிட்டவர்களுக்கு 30 இருக்கிறது. கான்டோ (டோக்கியோ) பக்கம் ஜனவரி 7 வரை வைத்திருப்பார்கள், கான்சாயில் (கியோத்தோ, ஒசாகா பக்கம்) 15 வரை. பிறகு ஜின்ஜாவில் (ஷிண்டோ கோயில்) கொடுத்தால் தீயிலிட்டு எரிப்பார்கள். பிளாஸ்டிக்கையும் கம்பியையும் கழற்றிவிட்டுக் கொண்டுபோங்கள்.

டோக்கியோவிலிருந்து:

ஒசெச்சியில், அதாவது புத்தாண்டுப் பலகாரங்களில், எல்லாவற்றையும் கடையில் வாங்கலாம், கருப்பு சோயா (குரோமாமெ) மட்டும் வீட்டில் செய்தால்தான் ருசி. 300 கிராம் பருப்புக்கு 2 லிட்டர் தண்ணீர், 250 கிராம் சர்க்கரை, கால் கப் சோயா சாஸ், கொஞ்சம் உப்பு. பாகைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, கழுவிய பருப்பைச் சூட்டோடு போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் நுரையை எடுத்துவிட்டு, பருப்பின் மேலேயே படிகிற மாதிரி காகிதம் மூடி, மிகச் சிறு தீயில் ஆறு மணி நேரமாவது வேக வேண்டும். பாகு வற்றிப் பருப்பு வெளியே தலைகாட்டினால் தோல் சுருங்கிவிடும். அவ்வப்போது தண்ணீர் சேர்க்க வேண்டும். வெந்ததும் வெளியே எடுக்காமல் பாகிலேயே ஆறவிடுவதும் அதற்காகத்தான். பழைய ஆட்கள் துருப்பிடித்த ஆணியைத் துணியில் முடிந்து போடுவார்கள். தோலின் நிறமியோடு இரும்பு சேர்ந்து கருமை ஏறும்.

ஹெர்ரிங் மீன் முட்டை (கசுனோகோ) உப்பில் போட்டது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் மேல்புறம் சப்பென்றாகி, கசப்பும் தட்டும். ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்புப் போட்ட தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றி, ஓர் இரவு வைத்து, மேலேயுள்ள மெல்லிய சவ்வை விரலால் தேய்த்து உரிக்கணும். அலுப்பான வேலைதான், ஆனால் சவ்வு இருந்தால் சாறு உள்ளே இறங்காது.

கியோத்தோவிலிருந்து:

மோச்சி (அரிசி உருண்டை) போட்ட புத்தாண்டுக் குழம்பான ஒசோனிக்கு வருவோம். கான்டோவில் சதுர மோச்சியைச் சுட்டுத் தெளிந்த தாஷியில் (கடற்பாசி, மீன் ஊறிய சாறு) போடுவார்கள். இங்கே உருண்டை மோச்சி, சுடாமல் வேகவைத்தது, வெள்ளை மிசோவில் (புளித்த சோயா விழுது). இந்த மிசோவில் உப்பு குறைவு, அதனால் ஒரு கிண்ணத்துக்கு 40 கிராம் வரைகூடத் தாராளமாகக் கரைக்கலாம். கஞ்சத்தனம் பண்ணினால் நீர்த்துப் போகும். மோச்சியைத் தனிப் பாத்திரத்தில் வேகவையுங்கள், இல்லையென்றால் குழம்பு பசையாகிவிடும். கிண்ணத்தின் அடியில் வட்டமாக நறுக்கிய முள்ளங்கியை வைத்து மேலே மோச்சி. அப்போது அடியில் ஒட்டாது. ககாவா பக்கம் இதே வெள்ளை மிசோவில் இனிப்புப் பூரணம் வைத்த மோச்சியே போடுவார்கள். கேட்க விநோதம், சாப்பிட்டால் தெரியும்.

மோச்சி தொண்டையில் சிக்கிக்கொள்ளும். வயதானவர்களுக்கு அதைச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுங்கள், முதலில் ஒரு வாய் குழம்பு குடித்துத் தொண்டையை நனைக்கச் சொல்லுங்கள். வருஷா வருஷம் டோக்கியோ தீயணைப்புத் துறை இதற்கென்றே எச்சரிக்கை விடுகிறது.

நகோயாவிலிருந்து:

ஹட்சுமோதெக்கு (ஆண்டின் முதல் கோயில் வழிபாடு) போகிறவர்களுக்கு: வாசல் தண்ணீர்த் தொட்டியில் கரண்டியால் முதலில் இடது கை, பிறகு வலது கை, இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளித்து, மறுபடி இடது கை, கடைசியில் கரண்டியை நிமிர்த்திக் காம்பைக் கழுவ வேண்டும். இத்தனையும் ஒரே முகவையில். ஜின்ஜாவில் இரண்டு வணக்கம், இரண்டு கைத்தட்டு, ஒரு வணக்கம்; இசுமோ தைஷா போன்ற சில ஜின்ஜாக்களில் தட்டு நான்கு. புத்தர் கோயிலில் தட்டக்கூடாது, கைகூப்பினால் போதும். அங்கேதான் 31 இரவு 108 மணியோசை.

வாழ்த்து அட்டை 1-ஆம் தேதி போய்ச் சேர டிசம்பர் 25-க்குள் தபாலில் போடணும். துக்கம் நடந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஒதோஷிதமா புது நோட்டாக, மூன்றாக மடித்து, சின்ன உறையில்.

யோகோஹாமாவிலிருந்து:

ஒன்று விட்டுப்போச்சு. தெய்வத்துக்குப் படைக்கும் இரண்டடுக்கு ககாமி மோச்சியை ஜனவரி 11-ஆம் தேதி உடைக்கும்போது கத்தி வைக்கக்கூடாது, சுத்தியல்தான். நன்றாக உலர்ந்து விரிசல் கண்டிருந்தால் ஓரத்தில் தட்டினாலே பிளக்கும். பாதி உலர்ந்தது சுத்தியலுக்கு மசியாது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து மைக்ரோவேவில் லேசாகச் சூடாக்கிக் கையால் பிய்க்கலாம். துண்டுகளைச் சுட்டு, இனிப்பு அசுகிப் பயறுக் கஞ்சியில் போடுங்கள். பூஞ்சை கண்டிருந்தால் அந்த இடத்தைச் சுரண்டிச் சாப்பிடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம்.