வுஃப்லான் கோட்டையின் மாஷிகூலி: தமிழில் எப்படிச் சொல்வது?

ந.:
சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில், மோர்ஜ் அருகே இருக்கும் வுஃப்லான் கோட்டை பற்றிய கட்டுரையை நாளை மாலைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். 'மாஷிகூலி' என்ற பிரெஞ்சுச் சொல்லில் வந்து நிற்கிறேன். கோபுர உச்சியில் சுவரை வெளியே நீட்டி, தாங்குகற்களுக்கு நடுவே தரையில் திறப்பு விட்டிருப்பார்கள். சுவரடியில் நிற்கும் எதிரி தலையில் அது வழியாகக் கல்லைப் போடலாம். 'ஞாயில்' சரிவருமா?

மு.:
வராது. ஞாயில் மதில் உச்சியில் மறைந்து நின்று எய்யும் உறுப்பு. ஏப்புழை (புழை என்றால் துளை) அம்புக்கானது. சிலம்பின் அடைக்கலக் காதையில், மதுரை மதில் பொறிகளில் 'கல்லுமிழ் கவண்' வருகிறது. அதையொட்டி 'கல்லுமிழ் புழை' எனலாம். தவிர, அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் முற்பகுதிக்கு நசுக்குதல் என்று பொருள் சொல்கிறார்கள். நம் 'மசி'தானே அது?

செ.:
ஐயா, பருப்பு மசிப்பதை, அன்று அந்தப் பகுதியை ஆண்ட சவோய் வரை கொண்டுபோக வேண்டாம். கவண் வீசும், இங்கே கல் நேராக விழுகிறது, உமிழ என்ன இருக்கிறது? 'புழை'க்கு அகராதி வேண்டும். 'கல்வீழ் துளை' போதும்.

மு.:
கல் துளைக்குள் விழுந்து மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது! 'வீழ்த்து' என்று பிறவினையாவது வேண்டாமா?

தே. (லொசான்):
மோர்ஜ் பக்கம் போனால் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே கோட்டை தெரியும். 1415 வாக்கில் கட்டத் தொடங்கியவர் ஆன்றி தெ கொலொம்பியே, சவோயின் எட்டாம் அமெதேயின் ஆலோசகர். நடுக்கோபுரம் ஏறக்குறைய 60 மீட்டர். சுற்றிலும் கல் கட்டடம் இருக்கிற நாட்டில் இது வட இத்தாலியின் பியெமோந்தே பாணிச் செங்கல். அந்த உச்சி வரிசை எனக்குப் பாதி அலங்காரமாகத்தான் படுகிறது. 1530இல் பெர்ன் படை வந்து தீயே வைத்துவிட்டது. இன்றும் தனியார் வீடுதான், உள்ளே விடமாட்டார்கள். எனவே 'துளை' என்று மட்டும் எழுதினால் கீழிருந்து பார்ப்பவருக்குப் புரியாது. நீண்டிருக்கும் பகுதிதானே கண்ணில் படுகிறது.

செ.:
அப்படியானால் 'துளைமாடம்'.

மு.:
மாடம் என்றால் விளக்கு வைக்கிற இடம் என்று நினைப்பார்கள்.

ந.:
சரி, நேரமில்லை. மூன்று பேர் 'கல்வீழ்த்து துளை'க்குத் தலையாட்டியிருக்கிறார்கள் (ஒருவர் தனிமடலில்). முதல் தடவை வரும்போது ஒரு வரி விளக்கத்தோடு போடுகிறேன்.

மு.:
போடுங்கள். நடுவில் 'த்' மிகுமா மிகாதா என்பதையாவது முடிவுசெய்துவிட்டுப் போடுங்கள்.