தேக்குக் கதவில் மல்டிபாயின்ட் லாக்: நானே பொருத்தலாமா?

வாசல்படி கேட்டது:
தலைவாசல் கதவு தேக்கு, சட்டக் கதவு, 38 மி.மீ. தடிமன், உள்பக்கம் திறக்கும். நிலை நாலுக்கு மூணு அங்குலம். மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் கொக்கி விழுகிற பூட்டு வாங்கியாயிற்று. முகப்பட்டி (கதவு ஓரத்தில் தெரியும் நீளப் பட்டி) 20 மி.மீ. அகலம், பெட்டி (கதவுக்குள் இறங்கும் பகுதி) 16 மி.மீ. தடிமன், பேக்செட் (கதவு ஓரத்திலிருந்து சாவித்துளை நடு வரை) 45 மி.மீ. டிரில், ரூட்டர், உளி இருக்கின்றன. எங்கே கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது.

உளிச்சத்தம்:
தாராளமாகப் பொருத்தலாம். முதலில் நடுக் குறுக்குச்சட்டம் எங்கே வருகிறது என்று பாருங்கள். அதன் நாக்கு (முனையில் நீட்டி விட்ட மரம்) ஓரத்துக் குத்துச்சட்டத்துக்குள் ஏறி நிற்கும்; கைப்பிடி உயரமும் பெரும்பாலும் அங்கேதான் வரும். அந்த இடத்தில் பெட்டிக்குக் குழி வெட்டினால் நாக்கு அறுந்து கதவே ஆட்டம் கொடுக்கும். பூட்டை மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். மேல், கீழ்க் கொக்கிப் பெட்டிகளுக்கும் இதே கணக்குதான்.

38-ல் 16 போனால் பக்கத்துக்கு 11 மி.மீ. மரம்தான் மிச்சம். அதனால் கீலைக் கழற்றி, கதவை ஓரம் மேலே தெரியும்படி நிறுத்தி, நட்டநடுவில் கோடு போடுங்கள். பெட்டிக் குழிக்கு 16 மி.மீ. பிட்டால் வரிசையாகத் துளைத்து, உளியால் சுவரை நேராக்குங்கள். 60 மி.மீ. ஆழத்தில் டிரில் 2 டிகிரி சாய்ந்தாலே அடியில் 2 மி.மீ. விலகும். பெட்டி இறுகி உட்கார்ந்தால் பட்டி வளையும், உள்ளே கியர் திணறும். கையால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள்.

சிலிண்டர் (சாவி போடும் உருளை), கைப்பிடித் துளைகளைப் பூட்டை வெளியே எடுத்துவிட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாகப் போடுங்கள். ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுமுகத்தில் மரம் சிலாம்பாகப் பெயரும்.

ஐப்பசிமழை:
நிலைத் தகடுகள் (கொக்கி போய் விழும் தகடுகள்) மூன்றையும் ஒரே நேரத்தில் முடுக்க வேண்டாம். கொக்கி நுனியில் சாக்பீஸைத் தேய்த்து, கதவைச் சாத்தி, கைப்பிடியைத் தூக்குங்கள். நிலையில் தடம் விழும். நடுத் தகட்டை முதலில் வைத்து, பூட்டு வழுக்கிக்கொண்டு விழுகிறதா பார்த்த பிறகு மற்ற இரண்டையும் வையுங்கள். கதவு நாளடைவில் இறங்கும் என்பதால் கொக்கிக் குழியில் கீழ்ப்பக்கம் 2 மி.மீ. கூடுதல் விடுங்கள்.

கூடவே வருகிற குட்டி ஸ்குரூக்களை நம்பாதீர்கள். நிலைக்கு 50 மி.மீ. எஃகு ஸ்குரூ போடுங்கள். தேக்கில் 3 மி.மீ. முன்துளை போட்டு, மரையில் சோப்பு தடவினால் தலை முறியாது.

மழைக்காலத்தில் மரம் ஊதும், ஆகவே கதவுக்கும் நிலைக்கும் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். பிறகு எப்போதாவது கைப்பிடி கனத்தால் பலம் போட்டுத் தூக்காதீர்கள், கியர் உடைந்துவிடும். எந்தத் தகடு உரசுகிறது என்று தேடுங்கள்.

வாசல்படி:
நன்றி. சிலிண்டர் 35/35 (நடுவிலிருந்து பக்கத்துக்கு 35 மி.மீ.) வந்திருக்கிறது. கைப்பிடித் தகடு 10 மி.மீ. சரியாக இருக்குமா?

உளிச்சத்தம்:
இருக்காது. பாதிக் கதவு 19, தகடு 10, மொத்தம் 29. வெளியே 6 மி.மீ. துருத்தும். 3-ஐத் தாண்டினாலே திருடர்கள் பைப் ரெஞ்ச் பிடித்து ஒடித்துவிடுவார்கள்; நடுவில் ஸ்குரூ துளை வரும் இடத்தில் பித்தளை மிக மெல்லியது. 30/30 மாற்றுங்கள். உள்பக்கம் சாவிக்குப் பதில் திருகுக் குமிழ் வருகிறதாக வாங்கினால், தீ என்றால் சாவி தேட வேண்டியதில்லை. பக்கத்தில் கண்ணாடி இருந்தால் மட்டும் யோசியுங்கள்; அதை உடைத்துக் கையை விட்டுக் குமிழைத் திருகிவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் கதவு திறந்திருக்கும்போதே பத்துத் தடவை பூட்டித் திறந்து பாருங்கள். சாத்திய பிறகு சிக்கிக்கொண்டால் கதவை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.