பலூன் கட்டியும் தராசில் குறைகிறதே?

குடுவைக்காரன்:
ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். வேதிவினையில் மொத்த நிறை மாறாது என்னும் நிறை மாறா விதியைச் செய்து பார்க்கலாம் என்று 100 மில்லி வினிகரில் 4.2 கிராம் சமையல் சோடாவைக் கொட்டினேன். திறந்த பாட்டிலில் 1.9 கிராம் குறைந்தது. வாயு வெளியே போய்விட்டது; அது புரிகிறது. அடுத்து, சோடாவைப் பலூனுக்குள் போட்டு, பாட்டில் வாயில் மாட்டிக் கவிழ்த்தேன். பலூன் கும்மென்று உப்பியது. அப்போதும் 1.3 கிராம் குறைகிறது! மூன்று முறை செய்துவிட்டேன். விதி பொய்யா, என் தராசு பொய்யா?

வால்வு:
கசிவுதான், சந்தேகமே இல்லை. நூலால் இறுக்கிக் கட்டுங்கள்.

குடுவைக்காரன்:
கட்டினேன். சோப்பு நீர்கூடத் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழியும் வரவில்லை.

சுண்ணாம்புக்கட்டி:
தம்பி, இரண்டுமே பொய் இல்லை. முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் நான். இதே பலூன் வகுப்பு முழுவதும் பார்த்திருக்க என் மானத்தை வாங்கியிருக்கிறது. உன் பலூன் ஏறக்குறைய 1.1 லிட்டருக்கு உப்பியிருக்கும். அந்த இடத்தில் இருந்த காற்று எங்கே? விலகிப் போய்விட்டது. ஒரு லிட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிராம். கிணற்று நீருக்குள் குடம் இலேசாவதைப் போல, விலகிய காற்றின் எடை அளவுக்குப் பலூன் மேலே தூக்கப்படுகிறது. பெருக்கிப் பார்: 1.3 கிராம். உள்ளே ஓர் அணுவும் தொலையவில்லை. (பலூன் படத்தை அழகாக வரைந்துவிட்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.)

உப்பாத கலத்தில் செய். குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில் போதும். கண்ணாடி வேண்டவே வேண்டாம், வெடிக்கும். சோடா 1 கிராமைத் தாண்டக்கூடாது. அதைச் சிறு குழாயில் போட்டு உள்ளே நிறுத்தி, மூடியை இறுக்கி, எடை பார்த்த பிறகு சாய். பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே 1774-இல் வெள்ளீயத்தை அடைத்த குடுவையில் வைத்துத்தான் சூடாக்கினார். எடை மாறவில்லை. திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது, எடை கூடியது.

குடுவைக்காரன்:
செய்துவிட்டேன் ஐயா! சோடா 0.8 கிராம். சாய்ப்பதற்கு முன் 131.4, பின்னும் 131.4. பாட்டில் கல்லைப் போல இறுகிவிட்டது. மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று ஒரு சத்தம், 131.1.

வால்வு:
என் கசிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.