அம்மா குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைச் செய்யவே மாட்டேன் என்கிறா, எப்படிப் பேசுவது?

ஈஸ்ட்ஹாம் மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. என்.எச்.எஸ். (இங்கிலாந்தின் அரச சுகாதார சேவை) அனுப்பிய மலப் பரிசோதனை உறை போன மாதம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வந்ததையும் அவ செய்யவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. குளியலறை அலுமாரியில் ஷாம்பூ போத்தல்களுக்குப் பின்னால் இரண்டும் பிரிக்காமல் கிடந்தன. கேட்டால், "சீ, அதைப் போய் ஆரும் தபாலில் அனுப்புவினமோ?" என்றா.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. உள்ளே இருக்கும் கடிதம் முழுக்க ஆங்கிலம். டொக்டரிடம் போனால் நான்தான் மொழிபெயர்க்கிறேன். மகளுக்கு முன்னால் இதைப் பற்றி அவ வாய் திறக்க மாட்டா.

என் பெரியப்பா இதே நோயில்தான் போனார். ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து ஒன்றரை வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு பதற்றம்.

இன்னொன்று. எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வரும் அம்மம்மாமார் பத்துப் பன்னிரண்டு பேர், வகுப்பு முடியும் வரை காத்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டு அலுமாரியில் இந்த உறை கிடக்கிறதோ? அவர்களிடம் பேசலாமா? பேசினால் யார் பேசுவது?

குரொய்டன் தாதி:
தங்கச்சி, அம்மாவில் கோபப்படாதீர்கள். இந்தத் திட்டம் இங்கிலாந்தில் 2006இல் தொடங்கியது. முதலில் அனுப்பிய சுமார் 26 இலட்சம் அழைப்புகளை ஆராய்ந்தபோது, வசதியான பகுதிகளில் 100க்கு 61 பேர் செய்திருந்தார்கள். மிக வறிய பகுதிகளில் 35 பேர்தான். பரிசோதனையும் இலவசம், தபாலும் இலவசம், அப்படியிருந்தும் இவ்வளவு இடைவெளி. இலவசமாகக் கொடுத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் இருந்து சொல்லவும் ஆள் வேண்டும்.

தபாலில் போவது விரலளவுப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று. மூடியோடு சேர்ந்த குச்சி இருக்கும். அதன் நுனியில் உள்ள வரிகள் மூடும் அளவுக்குத் தொட்டால் போதும். 2019 வரை இருந்த பழைய முறையில் மூன்று தடவை மலம் எடுத்து அட்டையில் பூச வேண்டும். இப்போது ஒரே ஒரு தடவைதான்.

நம்மாட்கள் தண்ணீர் பாவிப்பவர்கள் என்பதால் இதையும் சொல்லுங்கள்: மலம் தண்ணீரில் விழக் கூடாது. கழுவிக் காயவைத்த ஐஸ்கிரீம் டப்பாவில் பிடித்துவிட்டு, பிறகு டப்பாவை எறிந்துவிடலாம். சாப்பாட்டில் பத்தியம் இல்லை. இந்தப் பரிசோதனை மலத்தில் கலந்திருக்கும் மனித ரத்தத்தை மட்டும்தான் கண்டுபிடிக்கும், ஆட்டு ரத்த வறை சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. எடுத்த தேதியைப் போத்தலில் எழுத மறக்க வேண்டாம்.

பழைய போத்தலில் காலாவதித் தேதி பாருங்கள். 0800 707 6060க்கு அழைத்தால் புதியது அனுப்புவார்கள். டொக்டரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், அதற்கும் காசு இல்லை. அப்போது நீங்கள் வெளியே இருங்கள்.

ஒன்று மிக முக்கியம். இது அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனை. ரத்தம் போனாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ உறைக்காகக் காத்திருக்காமல் நேரே டொக்டரிடம் போக வேண்டும்.

இரவு வேலைக்காரன்:
அக்கா சொன்னது சரி. ஆனால் உறையே வராதவர்களும் இருக்கிறோம். எனக்கு 58. பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, வாடகை அறை மாறி மாறி ஐந்து முகவரி. உறை போவது ஜிபியிடம், அதாவது குடும்ப டொக்டரிடம், பதிந்த முகவரிக்கு. என்னுடையது எந்த வீட்டு வாசலில் கிடந்ததோ தெரியாது. முகவரியை மாற்றிய பிறகுதான் வந்தது. இப்போது 50 வயதிலிருந்து 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அனுப்புகிறார்கள்.

எனக்கு மலத்தில் ரத்தம் இருப்பதாகக் கடிதம் வந்தது. குடலுக்குள் கமெரா விட்டுப் பார்த்து இரண்டு சிறு கட்டிகளை அங்கேயே எடுத்துவிட்டார்கள், புற்றுநோய் இல்லை. குடலைச் சுத்தப்படுத்தும் மருந்து குடித்த நாள், கமெரா விட்ட நாள் என்று இரண்டு இரவுச் சம்பளம் போனது. மணிக்கணக்குக்கு வேலை செய்கிறவனுக்கு அது பெரிய காசு. இதை ஒருவரும் பேசுவதில்லை.

விசா முடிவுக்குக் காத்திருக்கும் பொடியன்களும் பெரியவர்களும் ஜிபியிடம் பதியப் பயப்படுகிறார்கள். பதிவதற்கு விசாவும் வேண்டாம், முகவரி அத்தாட்சியும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பேசினால் இதையும் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் மகள்:
இருவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

நான் சொல்லி அம்மா கேட்கவில்லை. பெரியம்மாவைக் கூப்பிட்டேன். அவ வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவோடு ஒரு மணிநேரம் கதைத்தா. பெரியப்பா எதை எதை மறைத்தார், கடைசி மாதங்களில் எப்படி இருந்தார் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்த அம்மா, "ஐஸ்கிரீம் டப்பா இருக்கோ?" என்று மட்டும் கேட்டா. புதிய போத்தல் வந்ததும் செய்து, தேதி எழுதி, தானே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தா.

போன சனி பள்ளிக்கூடத்திலும் பெரியம்மாதான் பேசினா. காலாவதியான அந்தப் பழைய போத்தலைக் கொண்டுபோய் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தோம். திறந்து, குச்சியைப் பார்த்து, மூடிப் பார்த்தார்கள். "இவ்வளவு சின்னதோ!" என்றார் ஓர் அம்மம்மா. அவருக்கு 76 வயது, இனி உறை தானாக வராது. கேட்டால் அனுப்புவார்கள் என்று தெரிந்ததும் அங்கிருந்தே அவருக்காக அந்த எண்ணுக்கு அழைத்தேன். மற்ற இருவர் தங்கள் வீட்டிலும் உறை கிடக்கிறது என்று என் காதுக்குள் சொன்னார்கள்.

அம்மாவின் முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கே எழுதுகிறேன்.