புதுப்பிப்பு: காப்புரிமை ஆய்வுக் கோரிக்கைக்கு 48 மாதமா, 31 மாதமா?

காப்புரிமை விண்ணப்பத்தை ஆய்வு செய்யும்படி காப்புரிமை அலுவலகத்திடம் தரும் கோரிக்கைக்குக் கெடு 48 மாதம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது 2024 மார்ச் 15-க்கு முன் இந்தியாவில் தாக்கலான விண்ணப்பங்களுக்கு மட்டுமே பொருந்தும். அதன்பின் தாக்கலானவற்றுக்கு 31 மாதம்தான்.

பலர் சறுக்குவது எண்ணத் தொடங்கும் நாளில். தற்காலிக விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை முழுமையாக விவரிக்கும் முன் தரும் ஆரம்ப ஆவணம்) முதலில் போயிருந்தால் அந்த நாளிலிருந்தே கணக்கு. முழு விவரக்குறிப்பின் தேதி உதவாது. அந்த நாள் 2024 ஜூன் 10 என்றால் கெடு 2027 ஜனவரி 10. தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும்.

பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம் போட உதவும் காப்புரிமை ஒப்பந்தம்) வழியில் வருபவர்களுக்கு தேசியக் கட்ட நுழைவுக்கும், அதாவது அந்த விண்ணப்பத்தை இந்தியாவில் தொடர்வதற்கும், அதே 31 மாதம். ஆகவே ஆய்வுக் கோரிக்கைக்கான படிவம் 18-ஐயும் கையோடு போட்டுவிடுங்கள். இணையவழிக் கட்டணம் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுநிறுவனம், கல்வி நிறுவனம் என்றால் ரூ.4,000, மற்றவர்களுக்கு ரூ.20,000.