குறிப்பிட்ட ரோல் மட்டும் படிவம் அனுப்ப வேண்டும். செக் போட்டால் அட்மினையே தடுக்கிறது (கான்டாக்ட் ஃபார்ம் 7)

மகாமகக்குளம்:

வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ரத்ததானக் குழுவின் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வேர்ட்பிரஸ் தளம், படிவத்துக்கு கான்டாக்ட் ஃபார்ம் 7 என்ற ப்ளக்இன் (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்). நான் ப்ரோகிராமர் இல்லை. ஃபங்ஷன்ஸ் ஃபைலில் நாலு வரி பார்த்து எழுதத் தெரியும், அவ்வளவுதான்.

“ரத்தம் தேவை” என்று ஒரு படிவம் இருக்கிறது. ஆஸ்பத்திரி, ரத்த வகை, எத்தனை யூனிட், கூட இருப்பவரின் போன் நம்பர். அனுப்பு பட்டனைத் தட்டியதும் அந்த வகைக் கொடையாளர்கள் எல்லோருக்கும் எஸ்எம்எஸ் போகும். அதனால், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்ட ஒருங்கிணைப்பாளர் மட்டும்தான் அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அவர்களுக்குத் தனி ரோல் (பயனர் வகை); கொடையாளர்கள் எல்லாம் சப்ஸ்கிரைபர் என்ற சாதாரண ரோல். மற்ற ரோலுக்குப் படிவமே கண்ணில் படாதபடி பக்கத்தில் ஒரு ஷார்ட்கோடு (அடைப்புக்குறிக்குள் எழுதும் சின்னக் கட்டளை) போட்டு மறைத்திருந்தேன்.

போன வாரம் இரவு பத்தரைக்கு ஒரு வேண்டுகோள் போய்விட்டது. ஓ நெகட்டிவ், இரண்டு யூனிட். பாபநாசத்திலிருந்து ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து ரத்த வங்கி வாசலில் நிற்கிறார். அங்கே யாரும் கேட்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த பழைய செய்தியை நம்பி ஒருவர் படிவத்தை அனுப்பியிருக்கிறார். அவர் அன்று மதியம்தான் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பிலிருந்து மாறியவர். ரோலை நான் உடனே எடுத்துவிட்டேன், ஆனால் காலையில் திறந்த பக்கம் அவர் போனில் அப்படியே இருந்திருக்கிறது.

எங்களிடம் ஓ நெகட்டிவ் ஆறு பேர்தான். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும் என்பதால், எந்த நேரத்திலும் கொடுக்கத் தயாராக இருப்பது இரண்டு மூன்று பேர். அவர்களை இப்படி வீணாக அலையவிட்டால் அடுத்த முறை போன் எடுப்பார்களா?

அதனால் மெயில் போகும் முன் ஓடும் ஹுக்கில் (நம் கோடைச் செருக ப்ளக்இன் விட்டுவைத்திருக்கும் இடம்) ஒரு செக் எழுதினேன்: ஒருங்கிணைப்பாளர் ரோல் இல்லையென்றால் நிறுத்து. இப்போது எல்லோரையும் நிறுத்துகிறது. ஒருங்கிணைப்பாளர்களையும், என்னையும்! நான் லாகின் ஆகித்தான் இருக்கிறேன், மேலே கறுப்புப் பட்டை தெரிகிறது. எங்கே தப்பு?

தறிமேடை:

அந்தச் செக்குக்கு முந்தின வரியில், இப்போதைய பயனரின் ஐடி என்ன என்று லாகில் (பதிவுக் கோப்பில்) எழுதச் சொல்லிப் பாருங்கள். என்ன எண் வருகிறது?

மகாமகக்குளம்:

0 வருகிறது. எந்தக் கணக்கில் போனாலும் 0.

தறிமேடை:

அதுதான் விஷயம். உங்கள் செக் சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அது பார்ப்பது உங்களை அல்ல, லாகின் ஆகாத யாரோ ஒருவரை.

கான்டாக்ட் ஃபார்ம் 7 படிவத்தைப் பக்கம் வழியாக அனுப்புவதில்லை. பின்னால் ரெஸ்ட் ஏபிஐ (நிரல்கள் தளத்தோடு நேராகப் பேசும் வாசல்) முகவரி ஒன்று இருக்கிறது, அதற்கு நேராக அனுப்புகிறது. அந்த வழியில் வரும் எதற்கும் குக்கி (நீங்கள் லாகின் ஆனதை ப்ரவுசர் நினைவில் வைத்திருக்கும் குறிப்பு) மட்டும் போதும் என்று வேர்ட்பிரஸ் ஏற்காது. கூடவே நான்ஸ் என்ற குறியீடும் வர வேண்டும். வேறு ஏதோ ஒரு தளம் உங்கள் குக்கியைப் பயன்படுத்தி உங்கள் பெயரில் எதையாவது அனுப்பிவிடக்கூடாது என்பதற்கான காவல் அது. நான்ஸ் இல்லையென்றால், நீங்கள் லாகின் ஆகியிருந்தாலும் அந்தக் கோரிக்கைக்கு நீங்கள் யாரோ. ஐடி 0. இந்த ப்ளக்இன் சாதாரணமாக நான்ஸை அனுப்புவதில்லை. தொடர்புப் படிவத்துக்கு அது தேவையும் இல்லை.

உங்கள் பழைய ஏற்பாடு ஏன் ஓட்டையாக இருந்தது என்பதற்கும் இதுவே காரணம். ஷார்ட்கோடு மறைத்தது படிவத்தின் தோற்றத்தை மட்டும். அதை வாங்கிக்கொள்ளும் முகவரி எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. காலையில் திறந்த பக்கத்திலிருந்து இரவு அனுப்பினாலும், யார் நீ என்று அங்கே கேட்க ஆளே இல்லை.

செய்ய வேண்டியது: அந்தப் படிவத்தைத் திருத்தும் இடத்தில் கடைசியில் “கூடுதல் அமைப்புகள்” என்று ஒரு டேப் இருக்கும். அதில் சப்ஸ்கிரைபர்ஸ்_ஒன்லி: ட்ரூ என்று ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் ஒரு வரி எழுதுங்கள். நடுவில் அடிக்கோடு வர வேண்டும். இதைப் போட்டால் ப்ளக்இன் நான்ஸையும் சேர்த்து அனுப்பும். உங்கள் செக்குக்கு உண்மையான ஐடி கிடைக்கும்.

பெயரைப் பார்த்து சப்ஸ்கிரைபர் ரோலுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். லாகின் ஆன யாராக இருந்தாலும் அனுப்பலாம் என்பதுதான் அதன் பொருள். உங்கள் கொடையாளர்கள் அத்தனை பேரும் அதில் அடக்கம். எனவே ரோல் செக் இருந்தே ஆக வேண்டும்.

மகாமகக்குளம்:

ஐடி வருகிறது! ஒருங்கிணைப்பாளர்களுக்குப் போகிறது, சப்ஸ்கிரைபருக்கு நிற்கிறது. ரொம்ப நன்றி அண்ணா. அட்மினான எனக்கு மட்டும் இன்னும் போகவில்லை.

வெற்றிலைக்கொடி:

ரோலின் பெயரைக் கேட்கிறீர்கள், அதனால்தான் சகோ. உங்கள் கணக்கில் அட்மின் ரோல் இருக்கிறது, ஒருங்கிணைப்பாளர் ரோல் இல்லை. பெரிய ரோலுக்குள் சின்ன ரோல் தானாக அடங்கும் என்று வேர்ட்பிரஸ் எடுத்துக்கொள்ளாது. “நீ யார்” என்று கேட்பதை விட்டுவிட்டு “உன்னால் இதைச் செய்ய முடியுமா” என்று கேளுங்கள். கேப்பபிலிட்டி என்று சொல்வது அதைத்தான். ‘வேண்டுகோள் அனுப்பலாம்’ என்ற பொருளில் புதிதாக ஒரு கேப்பபிலிட்டி உருவாக்கி, ஒருங்கிணைப்பாளர், அட்மின் இரண்டு ரோலுக்கும் கொடுங்கள். அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும் கரன்ட்_யூசர்_கேன் ஃபங்ஷனில் ரோல் பெயருக்குப் பதில் அதைப் போடுங்கள். அந்த ஃபங்ஷனில் ரோல் பெயரைக் கொடுத்தால் விடை நம்பகமாக இருக்காது என்று வேர்ட்பிரஸ் ஆவணமே சொல்கிறது. நாளைக்கு இரவு நேரப் பொறுப்பாளர் என்று இன்னொரு ரோல் வந்தாலும் கோடைத் தொட வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். எஸ்எம்எஸ் எந்த ஹுக்கில் போகிறது?

மகாமகக்குளம்:

அதே மெயிலுக்கு முந்தின ஹுக்தான். ஏன்?

வெற்றிலைக்கொடி:

அப்படியானால் உடனே எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வையுங்கள்.

நீங்கள் அந்த ஹுக்கில் “நிறுத்து” என்று சொல்வது மெயிலை மட்டும்தான் நிறுத்தும். அதே ஹுக்கில் தொங்கும் மற்ற ஃபங்ஷன்கள் வரிசையாக ஓடியே தீரும். சப்ஸ்கிரைபருக்குத் திரையில் “அனுப்ப முடியவில்லை” என்று வரும், ஆனால் எஸ்எம்எஸ் போயிருக்கும். சோதனைக்கு நீங்கள் அனுப்பியபோது யாருக்காவது போனதா என்று பாருங்கள்.

மகாமகக்குளம்:

சோதனைக்கு ரத்த வகையில் என் நம்பர் மட்டும் வைத்திருந்தேன். இப்போதுதான் போனைப் பார்க்கிறேன். தடுத்ததாகச் சொன்ன நான்கும் வந்திருக்கின்றன. கை நடுங்குகிறது. எஸ்எம்எஸ் கோடை எடுத்துவிட்டேன்.

தறிமேடை:

நல்லவேளை கேட்டீர்கள் வெற்றிலைக்கொடி, நான் அதை யோசிக்கவே இல்லை.

இரண்டு வழி இருக்கிறது. மெயில் வெற்றிகரமாகப் போன பிறகு ஓடும் ஹுக்குக்கு எஸ்எம்எஸ்ஸை மாற்றலாம். ஆனால் மெயில் சர்வர் மக்கர் செய்தால் எஸ்எம்எஸ்ஸும் போகாது. ரத்தம் விஷயத்தில் அப்படி ஒன்றை நம்பி ஒன்று இருக்கக்கூடாது என்பது என் கருத்து. செக்கை முன்னால் கொண்டுபோங்கள்: பெயர் இருக்கிறதா, போன் நம்பர் சரியா என்று படிவத்தைச் சரிபார்க்கும் வேலிடேட் நிலைக்கு. அங்கே செல்லாது என்று ஆகிவிட்டால் மெயிலுக்கு முந்தின ஹுக் வரைக்கும் விஷயம் போகவே போகாது. எஸ்எம்எஸ் இருந்த இடத்திலேயே இருக்கலாம். பிழைச் செய்தியை ஏதாவது ஒரு கட்டத்தின் கீழே காட்டச் சொல்லும். ரத்த வகைக் கட்டத்தில் வையுங்கள். “உங்களுக்கு அனுமதி இல்லை” என்று மட்டும் எழுதாமல், யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் எழுதுங்கள். அதைப் படிப்பவர் நிஜமாகவே ரத்தம் தேடி அலைபவராக இருக்கலாம்.

மகாமகக்குளம்:

மாற்றிவிட்டேன். செய்தியில் எங்கள் மூன்று ஒருங்கிணைப்பாளர்களின் நம்பரும் இருக்கிறது.

மகாமகக்குளம் (மூன்று நாள் கழித்து):

மன்னிக்கவும், மறுபடியும் வந்திருக்கிறேன். இரண்டு நாள் நன்றாகப் போனது. இன்று காலை ஒரு ஒருங்கிணைப்பாளர் அனுப்பினால் போகவில்லை. ப்ரவுசரின் நெட்வொர்க் டேபில் 403 (அனுமதி மறுப்பு) காட்டுகிறது, குக்கி செக் ஃபெயில்ட் என்று.

தறிமேடை:

பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் கேஷ் ப்ளக்இன் இருக்கிறதா? நான்ஸின் ஆயுள் அதிகபட்சம் ஒரு நாள். பக்கத்தை கேஷ் சேமித்து வைத்தால், நேற்றைக்கு முந்தின நாள் நான்ஸ்தான் இன்றைக்கும் போகும். வேர்ட்பிரஸ் அதைத் தள்ளிவிடும்.

மகாமகக்குளம்:

ஆமாம், லாகின் ஆனவர்களுக்கும் கேஷ் செய்யும்படி ஆறு மாதம் முன்பு நானே ஆன் செய்திருக்கிறேன். வேகத்துக்காக.

தறிமேடை:

அதை ஆஃப் செய்துவிட்டு, படிவம் இருக்கும் பக்கத்தை கேஷிலிருந்து விலக்கிவிடுங்கள். பழைய கேஷையும் ஒரு முறை காலி செய்யுங்கள். ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த டேபிலும் இதே 403 வரும். அனுப்பும் முன் ஒரு தடவை ரீலோட் செய்யச் சொல்லி வையுங்கள்.

அப்புறம், முக்கியமான சோதனை ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு சோதனைக் கணக்குக்கு ஒருங்கிணைப்பாளர் ரோல் கொடுத்து, போனில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ரோலை எடுத்துவிட்டு, அந்தப் பழைய பக்கத்திலிருந்து அனுப்பிப் பாருங்கள். உங்களுக்கு நடந்தது அதுதானே.

மகாமகக்குளம்:

செய்தேன். என் போனில் பக்கம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, கணினியில் ரோலை எடுத்துவிட்டு அனுப்பு தட்டினேன். ரத்த வகைக் கட்டத்தின் கீழே சிவப்பில் எங்கள் செய்தி வந்தது. எஸ்எம்எஸ் வரவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தும் பார்த்தேன், வரவில்லை. லாகின் ஆகாமல் போனால் முதலிலேயே நிற்கிறது. கேஷ் விலக்கிய பிறகு 403 இல்லை. பாபநாசத்து அண்ணனுக்கும் போன் போட்டு என்ன நடந்தது, என்ன சரிசெய்தோம் என்று சொல்லிவிட்டேன்.

வெற்றிலைக்கொடி:

சந்தோஷம் சகோ. ஒருங்கிணைப்பாளர்கள் லாகின் ஆகும்போது “என்னை நினைவில் வை” என்ற கட்டத்தை டிக் செய்யச் சொல்லுங்கள். டிக் செய்தால் 14 நாள் லாகின் நிற்கும், செய்யாவிட்டால் 2 நாள்தான். நடு ராத்திரியில் ஒருவருக்கு ரத்தம் வேண்டும் என்று போன் வரும்போது, அவர்கள் பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.