சளி தெளிந்து மறுபடியும் திரும்பிவிட்டது. இது சைனஸ் தொற்றுதானா?

கேள்வி (காரைக்குடி):
தங்கையின் திருமணத்துக்காக, பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த எங்கள் பழைய வீட்டைத் திறந்து, முற்றத்தைச் சுற்றிய வளவிலும் அதன் பின்னுள்ள இரண்டாம் கட்டிலும் நான்கு நாள் தூசி தட்டினேன். அதையடுத்துச் சளி பிடித்தது. ஆறாம் நாள் ஓரளவு தெளிந்தது. எட்டாம் நாள் காய்ச்சல் திரும்பியது. இன்று பன்னிரண்டாம் நாள். கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தால் வலது கண்ணுக்குக் கீழே விண்ணென்று தெறிக்கிறது, மூக்கிலிருந்து பச்சையாகச் சளி வருகிறது. ஆச்சி நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்கச் சொல்கிறார். சென்ற முறை மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகள் எட்டு இருக்கின்றன, அவற்றைச் சாப்பிடலாமா? பத்து நாளாகச் சொட்டு மருந்து விட்டும் மூக்கடைப்பு நீங்கவில்லை.

பதில் 1 (காது மூக்கு தொண்டை மருத்துவர், தேவகோட்டை):
தம்பி, அந்த எட்டு மாத்திரைகளைத் தொட வேண்டாம். சைனஸ் என்பது மூக்கைச் சுற்றிய எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறை; அதன் அழற்சி பெரும்பாலும் வைரஸால் வருவதுதான். அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது, சளி பச்சையாக இருப்பதை மட்டும் வைத்துப் பாக்டீரியா என்று முடிவு கட்டவும் முடியாது. நாங்கள் பார்ப்பது நாள்கணக்கை: பத்து நாளுக்கு மேல் சற்றும் குறையாமல் நீடிப்பது, தொடக்கத்திலேயே 102 டிகிரிக் காய்ச்சலோடு முகவலியும் சீழ்ச்சளியும் மூன்று நான்கு நாள் இருப்பது, அல்லது தெளிந்து வந்த சளி திடீரென்று முன்னைவிட மோசமாவது. உங்களுடையது மூன்றாம் வகை. ஆகவே நேரில் காட்டி, மருத்துவர் எழுதித் தந்தால் அந்த அளவிலும் அத்தனை நாளும் மாத்திரை சாப்பிடுங்கள். கண் இமை வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கழுத்து விறைத்தாலோ அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கோவிட் காலத்தில், 2021-இல், கருப்புப் பூஞ்சை சைனஸ் வழியாகக் கண்ணுக்குப் பரவியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பதில் 2 (மருந்தாளுநர், காரைக்குடி):
அடைப்பு நீங்காததற்குச் சொட்டு மருந்தே காரணமாக இருக்கலாம். சைலோமெட்டாசோலின் போன்றவற்றை ஐந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கினுள் சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்கிவிடும். அதை நிறுத்திவிட்டு உப்பு நீரால் கழுவுங்கள்: நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிய ஒரு தம்ளர் நீரில் அயோடின் சேராத உப்பு அரைத் தேக்கரண்டி போதும். குழாய் நீரையோ ஊருணி நீரையோ அப்படியே மூக்கில் ஏற்றவே கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியில்தான் நுழைகிறது. ஆவி பிடித்தால் சற்று நேரம் இதமாக இருக்கும், ஆனால் தொற்றை ஆற்றாது. கொதிநீர்ப் பாத்திரத்தை மடியில் வைத்துச் சுட்டுக்கொண்டவர்களுக்கு நான் களிம்பு கொடுத்திருக்கிறேன்; ஆச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பதில் 3 (கானாடுகாத்தான்):
எனக்கும் ஒரு பக்கம் மட்டுமே வலித்தது, சளியில் துர்நாற்றமும் இருந்தது. ஏழு மாதம் சைனஸ் என்றே மருந்து சாப்பிட்டேன். கடைசியில் சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது, மேல் கடைவாய்ப் பல்லின் வேரிலிருந்த சீழ்தான் கன்னத்துச் சைனஸுக்குள் ஏறியிருந்தது. பல்லைச் சரிசெய்த பிறகே குணமாயிற்று. அந்தப் பக்கத்துப் பற்களை ஒரு முறை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், தம்பி.

கேள்வி கேட்டவர்:
நாளைக் காலை மருத்துவரிடம் போகிறேன். வலது கடைவாய்ப் பல்லில் ஓராண்டாகச் சொத்தை இருக்கிறது. அதையும் அவரிடம் சொல்கிறேன்.